ஃபைபர் இறக்கை: நுனியை வெட்டுவதா, அடியில் ஆப்பு வைப்பதா?

வீட்டில் செய்யும் சிறு காற்றாலையில், கையில் கிடைத்த ஃபைபர் கிளாஸ் இறக்கையும் நாமே கம்பி சுற்றிச் செய்த ஆல்டர்னேட்டரும் (மின்சாரம் ஆக்கும் கருவி) ஒத்துப்போகவில்லை என்றால், கை முதலில் வெட்டும் கிரைண்டரைத்தான் தேடும். அதைக் கடைசியாக எடுங்கள் என்பது என் கட்சி. வழிகள் நான்கு: நுனியை வெட்டலாம், அடியை, அதாவது நடுவிலுள்ள ஹப்பில் பூட்டும் முனையை, வெட்டலாம், அடிக்கும் ஹப்புக்கும் நடுவே பட்டை கொடுத்து நீட்டலாம், அடியில் ஆப்பு வைத்துக் கோணத்தை மாற்றலாம்.

நுனி வெட்டுதான் பலருக்கும் பிடித்த வழி. 2 மீட்டர் விட்டத்தை 1.8 ஆக்கினால் காற்றைப் பிடிக்கும் பரப்பு 81 சதவீதமாகிவிடும். அதாவது 19 சதவீத மின்சாரம் கையை விட்டுப் போகிறது. பதிலுக்குச் சுற்று, அதாவது சுழலும் வேகம், கூடும் என்று நம்புகிறார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. மீதி இறக்கையின் ஒவ்வொரு பகுதியும் ஹப்பிலிருந்து பழைய தூரத்திலேயே இருக்கிறது, பழைய அகலம், பழைய முறுக்கு. அதே காற்றில் அது கிட்டத்தட்ட பழைய சுற்றிலேயே நன்றாக வேலை செய்யும். குறைவது திருப்பு விசை மட்டும். ஆல்டர்னேட்டர் ஏற்கெனவே இறக்கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால், வெட்டிய பிறகு இன்னும் மோசமாகும். பலத்த காற்றில் ஆல்டர்னேட்டரால் இறக்கையை அடக்க முடியவில்லை, அல்லது நுனி சேதமாகியிருக்கிறது என்றால் வெட்டுவது நியாயம். வெட்டிய நுனி அகலமாக இருப்பதால் சத்தம் கூடும். அதை உருட்டி, வெட்டுவாயை எபாக்ஸிப் பிசினால் மூடவேண்டும். இல்லையென்றால் இழை வழியே தண்ணீர் உள்ளே ஏறும்.

சுற்று நிஜமாகவே ஏறுவது அடியை வெட்டி இறக்கையை உள்ளே தள்ளும்போதுதான். நுனி வேகம் காற்றைப் போல 6 மடங்கு என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 8 மீட்டர் காற்றில் 2 மீட்டர் விட்டம் நிமிடத்துக்குச் சுமார் 458 சுற்று, 1.8 மீட்டர் சுமார் 509. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1 கிலோ இறக்கை, எடைமையம் மையத்திலிருந்து 40 செ.மீ. என்றால், 458 சுற்றிலேயே அது வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 94 கிலோ. சுற்று இரட்டித்தால் நான்கு மடங்கு. இந்த இழுப்பைத் தாங்குவதற்காகவே அடியில் தடிமனான கெட்டிப் பகுதி வைத்திருக்கிறார்கள். அதை அறுத்தெறிந்துவிட்டு மெல்லிய இடத்தில் புதிதாகப் போல்ட் துளை போடுவதா? வேண்டவே வேண்டாம்.

நீட்டுவது மென்காற்று இடங்களுக்கு ஆசை காட்டும் வழி. விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் பரப்பு 44 சதவீதம் கூடும், நடுவில் விழும் ஓட்டைக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சுற்று குறையும், அடியில் விழும் வளைவுச் சுமை அதைவிட வேகமாக ஏறும். ஆல்டர்னேட்டரில் மிச்சத் திறன் இருந்து, பலத்த காற்றில் முகத்தைத் திருப்பும் வாலையும் சீக்கிரம் மடங்கும்படி மாற்றியமைக்கத் தயாராக இருந்தால் மட்டும் முயலலாம்.

என் ஓட்டு ஆப்புக்கே. இறக்கையில் ஒரு கீறல் விழாது, பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். அடி 10 செ.மீ. அகலம் என்றால் ஒரு பாகைக்கு வேண்டியது 1.75 மி.மீ. தான். முன்விளிம்பைக் காற்றுப் பக்கம் திருப்பினால் இறக்கை சீக்கிரம் சுழலத் தொடங்கும், உச்ச வேகம் குறையும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், ஆனால் கிளம்ப அடம்பிடிக்கும். மரத்துண்டு போல்ட்டுக்கு அடியில் நசுங்கித் தளரும், அலுமினியம் நல்லது. மூன்று இறக்கையும் அரைப் பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும். குறையும் உண்டு: முழு இறக்கையும் சேர்ந்தே திரும்புவதால் 2, 3 பாகைக்கு மேல் போனால் அடிக்கு நல்லது நுனிக்குக் கெடுதலாகிவிடும்.

அப்புறம் ஒன்று. நல்ல காற்றிலும் வேகம் ஏறாமல் மந்தமாகச் சுற்றினால், குற்றம் இறக்கையில் இல்லாமலும் இருக்கலாம். ஆல்டர்னேட்டரின் மூன்று கம்பிச்சுருள் தொகுதிகளின் இணைப்பை ஸ்டாரிலிருந்து (மூன்றின் ஒரு முனை ஒரே இடத்தில் சேர்வது) டெல்டாவுக்கு (மூன்றும் முக்கோணமாகச் சேர்வது) மாற்றினால் அதே பேட்டரி வோல்ட்டேஜுக்கு 1.73 மடங்கு சுற்று வரை விட்டுக்கொடுக்கும். செலவில்லாத சோதனை, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பின்விளிம்பை அகலப்படுத்த இழை ஒட்டுவதாக இருந்தால் ஜெல்கோட்டை (இறக்கையின் வழவழப்பான மேல்பூச்சு) இழை தெரியும்வரை தேய்த்துவிட்டு எபாக்ஸி பூசுங்கள். காய்ந்த பாலியஸ்டர் பிசின் மேல் எபாக்ஸி பிடிக்கும், காய்ந்த எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

எதை வெட்டினாலும் ஒட்டினாலும் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும். எடை மட்டும் ஒத்தால் போதாது, எடைமையமும் ஒத்திருக்க வேண்டும். 1 கிலோ இறக்கைகளில் ஒன்றுக்கு மட்டும் அது 2 செ.மீ. தள்ளி இருந்தாலே, 458 சுற்றில் கோபுரத்தின் தலையை ஒவ்வொரு சுற்றிலும் 4.7 கிலோ விசையோடு ஆட்டும்.