வளவில் மைக் வேண்டாம்: பேர்ட்நெட்-கோ ஆட்-ஆன், செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு மதிப்பீடு

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் பேர்ட்நெட், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. பலருக்கும் அது செல்போன் செயலியாகத்தான் தெரியும்: குரல் கேட்கும்போது போனை எடுத்துப் பதிய வேண்டும். இங்கே பார்ப்பது குரலை அடையாளம் காணும் அதே ஏஐ மாடலை வைத்து இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் பேர்ட்நெட்-கோ என்ற நிரல். அதை, வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளுக்கு ஆட்-ஆனாக, அதாவது கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் நிரலாக, பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். விலை கிடையாது. லைட்டும் மோட்டாரும் ஏற்கெனவே ஹோம் அசிஸ்டன்டில் ஓடும் வீடு என்றால், கூடுதலாக வேண்டியது ஒரு மைக் மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொட்டலம் நன்றாக இருக்கிறது. நிறுவுவது பத்து நிமிட வேலை. ஆனால் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இது உருப்படியாக வேலை செய்வதும் குப்பைப் பட்டியலைக் கொட்டுவதும் மைக்கை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மென்பொருளில் எந்த எண்ணைத் திருகினாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இந்த வேலைக்கு ஏற்கெனவே பேர்ட்நெட்-பை என்ற திட்டம் இருக்கிறது. அதன் வழக்கமான நிறுவலுக்குத் தனியாக ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி) வேண்டும். ஆட்-ஆன் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் அதே பெட்டியில் இன்னொரு கண்டெய்னராக (தனித்து ஓடும் மென்பொருள் அறையாக) உட்கார்ந்துகொள்ளும். புதுப்பிப்பது, நிறுத்துவது, பேக்கப் எடுப்பது எல்லாம் ஒரே திரையில். கணிப்பு முழுக்க வீட்டுக்குள்ளேயே நடப்பதால் இணையம் அறுந்தாலும் பதிவு நிற்காது. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்து, காவல்காரர் மட்டும் வந்து போகும் வீடுகளுக்கு இது பெரிய வசதி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தபடி ஊர் வீட்டுக் கொல்லையில் இன்று காலை என்ன கூவியது என்று பார்க்கலாம்.

நிறுவும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஹோம் அசிஸ்டன்டை டாக்கர் என்ற கண்டெய்னர் மென்பொருளில் வெறும் கண்டெய்னராக ஓட்டுகிறவர்களுக்கு ஆட்-ஆன் வசதியே இருக்காது. அதை இயங்குதளமாகவே நிறுவும் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் வேண்டும். 64 பிட் ராஸ்பெர்ரி பை 4 தாராளமாகப் போதும். ஆட்-ஆன் ஸ்டோரில் இது தானாகத் தெரியாது. அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாமல் தன்னார்வலர் பராமரிக்கும் களஞ்சியத்தில் இருப்பதால், அந்த முகவரியை ஸ்டோரின் களஞ்சியப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மைக்கைச் செருகிவிட்டுப் பெட்டியை ஒருமுறை ரீபூட் செய்த பிறகு நிறுவினால், ஆடியோ உள்ளீட்டுப் பட்டியலில் மைக் பெயர் வரவில்லையே என்ற அலைச்சல் மிச்சம்.

முதலில் நிரப்ப வேண்டியது அட்சரேகை, தீர்க்கரேகை. காரைக்குடிக்கு 10.07, 78.78. இது அலங்காரத்துக்கு அல்ல. மாடலுக்கு உலகம் முழுவதிலும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் தெரியும்; இந்த இடத்தில், இந்த வாரத்தில் எவை இருக்க வாய்ப்புண்டு என்று வடிகட்டுவது இந்த இரண்டு எண்களை வைத்துத்தான். இரண்டையும் சுழியத்தில் விட்டால் இந்த வடிகட்டலே நடக்காது. நேர மண்டலத்தையும் பாருங்கள். அது தவறினால் புள்ளி ஆந்தை உச்சி வெயிலில் அலறியதாகப் பதிவாகும்.

இனி மைக்.

ராஸ்பெர்ரி பை 4-இல் இருக்கும் 3.5 மி.மீ. துளை ஒலியை வெளியே அனுப்ப மட்டும்தான். அதில் மைக்கைச் செருகிப் பயனில்லை. பை 5-இல் அந்தத் துளையே கிடையாது. யூஎஸ்பி மைக் அல்லது யூஎஸ்பி சவுண்ட் கார்டும் காலர் மைக்கும் வாங்க வேண்டும். வாங்கும்போது ‘இரைச்சல் நீக்கும்’ என்று விளம்பரப்படுத்தும் மீட்டிங் மைக்கைத் தவிருங்கள். அதற்கு மனிதக் குரல் தவிர எல்லாமே இரைச்சல். தையல் சிட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். யூஎஸ்பி ஒயர் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. முகப்பிலிருந்து கொல்லை வரை ஒரு தெருவே அடங்கும் வீட்டில் 5 மீட்டர் எந்த மூலைக்கு?

‘சிசிடிவி கேமராவில் மைக் இருக்கிறதே, நெட்வொர்க்கில் வரும் அதன் ஆர்டிஎஸ்பி நேரலை ஓடையைக் கொடுத்துவிடலாமே’ என்பது அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது. கொடுக்கலாம், ஆட்-ஆன் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கேமராவின் ஆடியோ அமைப்பைத் திறந்து பாருங்கள். பல கேமராக்களில் ஜி.711 (தொலைபேசிக் குரலுக்கான ஒலி வடிவம்), மாதிரி வேகம் 8 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும். மாதிரி வேகத்தில் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதில்) பாதிதான் கிடைக்கும் உச்ச சுருதி. அதாவது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதுவும் கேமராவைத் தாண்டி வராது. மாடல் எதிர்பார்ப்பதோ 48 கிலோஹெர்ட்ஸ். குயில், செண்பகம், மயில், அண்டங்காக்கை போன்ற தாழ்ந்த குரல்கள் தப்பிக்கும். தேன்சிட்டின் கீச்சு அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். ஆடியோவை ஏஏசி என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றி, கேமரா அனுமதிக்கும் உச்ச வேகத்தை வையுங்கள். ஓடை யூடிபி என்ற அனுப்பும் முறையில் அறுந்து அறுந்து வந்தால் டிசிபி முறைக்கு மாற்றுங்கள். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் முகவரியில் அதை %40 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பே கிடைக்காது, காரணமும் சட்டென்று பிடிபடாது.

கேமராவை விடச் சிறந்த வழி, கொல்லைப்புறத்தில் பழைய ராஸ்பெர்ரி பை ஒன்றில் யூஎஸ்பி மைக்கைச் செருகி, மீடியாஎம்டிஎக்ஸ் என்ற நிரல் மூலம் ஆர்டிஎஸ்பி ஓடையாக வைஃபையில் அனுப்புவது. மொட்டைமாடியிலிருந்து நீண்ட செம்பு ஒயர் இழுக்காமல் இருப்பது ஐப்பசி இடிமழைக்கும் நல்லது.

வளவுக்கு வருவோம். நடுவில் வானம் திறந்து, சுற்றிலும் தூண் நிற்கும் அந்த முற்றம்தான் மைக்குக்கு ஏற்ற இடமாகத் தோன்றும்: மழை படாத தாழ்வாரம், பக்கத்திலேயே பிளக். ஆனால் முட்டையின் வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி. கீழே ஆத்தங்குடிக் கல். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. ஒரே கூவல் நான்கு பக்கமும் மோதித் திரும்பி, ஒன்றன் மேல் ஒன்றாக விழும். மாடல் கேட்பது 3 வினாடித் துண்டுகளாக. அதை ஒலிப்படமாக மாற்றி, கோடுகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறது. எதிரொலியில் அந்தக் கோடுகள் ஈரத்தாளில் விழுந்த மை போல இழுபட்டுப் போகும். வளவு மைக்கில் ஒழுங்காகப் பதிவாவது தூணுக்கு மேலே கூடு கட்டிய புறாவும் சிட்டுக்குருவியும்தான். மிச்சமெல்லாம் குக்கர் விசில், பாத்திரம், தொலைக்காட்சி.

வீட்டின் மூன்றாவது பகுதியான மூன்றாங்கட்டையும் தாண்டி, கொல்லைக் கதவுக்கு வெளியே, மரத்தைப் பார்த்த மாதிரி, தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். ஊருணியைப் பார்த்த பக்கம் அமைந்தால் ஆள்காட்டியும் மீன்கொத்தியும் கூடுதலாகக் கிடைக்கும். அரை இஞ்சு பிவிசி எல்போவைக் கீழ்நோக்கி மாட்டி, அதற்குள் மைக்கை வைத்து வாயில் பஞ்சுறை போட்டால் மழைக்குப் போதும். ஆனால் எறும்பும் குளவியும் அந்தக் குழாயைத் தங்களுக்குக் கட்டிய வீடாகவே எடுத்துக்கொள்ளும். பதிவு எண்ணிக்கை திடீரென்று விழுந்தால் அமைப்புகளை நோண்டும் முன் குழாயைத் தட்டிப் பாருங்கள். பையை வெளியே தகர டப்பாவில் வைக்க வேண்டியிருந்தால் நிழலில் வையுங்கள்; சித்திரை வெயிலில் சில்லு 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அமைப்புகளில் தொட வேண்டியது குறைவு. நம்பக எல்லையை (இதற்குக் கீழான கணிப்பு பதிவாகாது) 0.8-இல் தொடங்குங்கள். 0.8 என்றால் நூற்றுக்கு எண்பது சரி என்று பொருள் அல்ல. அது மாடல் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண். குயிலுக்கு 0.7-உம் சரியாக இருக்கலாம், வல்லூறுக்கு 0.9-உம் பொய்யாக இருக்கலாம். அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் நேரத்தை 2.0 வினாடி ஆக்கினால் ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு கணிப்பு. இரு துண்டுகளுக்கு நடுவே வெட்டுப்படும் குரல் தப்பாது, ஆனால் சிபியு வேலை மூன்று மடங்கு. பம்புசெட் உறுமலுக்கு தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹைபாஸ் வடிகட்டியை 150 ஹெர்ட்ஸில் வைக்கலாம். அதற்கு மேலே ஏற்ற ஏற்ற, ‘ஊப் ஊப்’ என்ற செண்பகத்தின் அடிக்குரலும் அடிபடும்.

மனிதக் குரல் கேட்டால் அந்த நேரத்துப் பதிவை விட்டுவிடும் தனியுரிமை வடிகட்டியை அணைக்காதீர்கள். கொல்லையில் பேசுவதெல்லாம் கோப்பாகச் சேர்வது யாருக்கும் நல்லதல்ல. அது அடிக்கடி குறுக்கிட்டால் மைக் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

பொய்ப் பதிவுகள் பலவற்றுக்குக் காரணம் அணில். விடாமல் கீச்சிடும் அதன் குரலை மாடல் ஏதாவது ஒரு பறவையின் தலையில் கட்டிவிடும். இன்னொன்று சுவாரசியமானது: கரிச்சான், வல்லூறு மாதிரியே கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு அவற்றின் இரையைப் பறிக்கும். மைனாவே ஏமாறும்போது மென்பொருள் எம்மாத்திரம்? வல்லூறு என்று வந்த பதிவுக்கு முன்னும் பின்னும் கரிச்சான் இருக்கிறதா என்று கிளிப்பைப் போட்டுக் கேளுங்கள். எதிர்ப்பக்கக் குறையும் உண்டு. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிச் சரணாலயத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைக்காக, அதைச் சுற்றியுள்ள ஊர்களில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அந்த நாரையை இந்தப் பட்டியலில் தேடினால் கிடைப்பது அரிது. வளர்ந்த நாரைகளுக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அலகைத் தட்டுவதோடு சரி.

சேமிப்பு பற்றி ஒரு கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் வினாடிக்கு 96 கேபி. 15 வினாடி கிளிப் ஒன்று 1.44 எம்பி. நாளைக்கு 500 பதிவு என்றால் 720 எம்பி, 30 நாளில் 21.6 ஜிபி. 32 ஜிபி கார்டு மூச்சுத் திணறி ஹோம் அசிஸ்டன்டும் சேர்ந்து படுத்துவிடும். 128 கேபிபிஎஸ் எம்பி3-க்கு மாற்றினால் அதே 30 நாள் 3.6 ஜிபிதான். பழையவற்றைத் தானாக அழிக்கும் விதியை முதல் நாளே போடுங்கள். கிளிப் கோப்புறை ஆட்-ஆனின் சொந்த இடத்தில் இருந்தால் ஒவ்வொரு பேக்கப்பிலும் அத்தனையும் ஏறும். மீடியா கோப்புறைக்கு மாற்றி, பேக்கப்பில் அதைத் தேர்வு செய்யாமல் விடலாம். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் எஸ்டி கார்டை விட எஸ்எஸ்டியும் சின்ன யூபிஎஸ்ஸும் நல்லது.

ஹோம் அசிஸ்டன்டோடு பேச எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை. அந்தச் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கரான மொஸ்கிட்டோ ஆட்-ஆனை நிறுவி, தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, போர்ட் 1883-ஐக் கொடுங்கள். புரோக்கர் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று போடாதீர்கள். தனிக் கண்டெய்னருக்கு அது தன்னையே சுட்டும். பெட்டியின் ஐபி முகவரியைக் கொடுங்கள். கடைசியாகக் கேட்ட பறவையின் பெயரை ஒரு சென்சாரில் காட்டலாம். ஆனால் ஆட்டோமேஷனை அந்தச் சென்சார் மாற்றத்தில் கட்டினால், குயிலுக்குப் பிறகு மறுபடி குயிலே வந்தால் மதிப்பு மாறாது, ஆட்டோமேஷனும் அசையாது. எம்க்யூடிடி செய்தியையே தூண்டுகோலாக வையுங்கள்.

தமிழ்ப் பெயரில் அறிவிப்பு வர, அறிவியல் பெயரைச் சாவியாக வைத்து டெம்ப்ளேட்டில் ஒரு பட்டியல் போடலாம். அறிவியல் பெயரைப் பழைய புத்தகத்திலிருந்து எடுக்காமல், ஆட்-ஆன் காட்டுகிறபடியே நகலெடுங்கள். கௌதாரியை முன்பு ஃபிராங்கோலினஸ் என்றார்கள், இப்போது ஆர்டைகார்னிஸ். புதுச்சேரியைக் குறிக்கும் பாண்டிசேரியானஸ் மட்டும் மாறவில்லை.

எல்லாப் பறவைக்கும் அறிவிப்பு வைத்தால் மைனாவும் தவிட்டுக்குருவியும் போனைக் கீழே வைக்க விடாது. ஒன்றிரண்டுக்கு மட்டும் வையுங்கள். பனிக்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவி நல்ல தேர்வு: 10 நிமிடத்துக்குள் 3 பதிவு, நம்பகம் 0.85-க்கு மேல் என்று நிபந்தனை போட்டால் ஒற்றைப் பொய்ப் பதிவு உங்களை எழுப்பாது. பதிவான கிளிப்பை வீட்டு ஸ்பீக்கரில் ஒலிக்கவிடும் ஆட்டோமேஷனை மட்டும் எழுதாதீர்கள். அந்த ஒலி கொல்லை மைக்கில் விழுந்து, அது மறுபடி பதிவாகி, மறுபடி ஒலித்து, ஆறுமணிக்குருவி விடிய விடியக் கூவும்.

பாரம்பரிய வீட்டை விடுதியாக நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பேர்ட்நெட் மாடலின் உரிமம் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே. ‘காலையில் எங்கள் தோட்டத்தில் கேட்டவை’ என்று வரவேற்பறைத் திரையில் போட்டு அறையோடு சேர்த்து விற்பதற்கும், பெட்டியில் இதை ஏற்றி விற்பதற்கும் முன்னால் கார்னெலுக்கு எழுதி அனுமதி கேளுங்கள். சொந்த வீட்டுக் கொல்லைக்கு அந்தத் தொல்லை இல்லை.