கல்லூரி நிதியுதவி அலுவலகம்: கவுன்டருக்கு ஐந்து நட்சத்திரம், கடிதத்துக்கு ஒன்று

நியூ ஜெர்சியில் ஒரு கவுன்டி கல்லூரியில் நர்சிங்கில் சேர்வதற்கான பாடங்களைப் படிக்கிறேன். வயது 39, இரண்டு பிள்ளைகள், கிரீன் கார்டு. பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி) இல்லையென்றால் எனக்குப் படிப்பே இல்லை.

போன மார்ச்சில் மதுரையில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஊருக்குக் கிளம்பும் முன் அனாட்டமியையும் கெமிஸ்ட்ரியையும் விட்டுவிடலாமா என்று கல்லூரியின் பாட ஆலோசகரிடம் கேட்டேன். "டபிள்யூ விழுந்தால் ஜி.பி.ஏ. குறையாது, தைரியமாக விடுங்கள்" என்றார். டபிள்யூ என்பது பாடத்தைப் பாதியில் விட்டதற்கான குறி, ஜி.பி.ஏ. என்பது சராசரி மதிப்பெண். அது பாதி உண்மைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. சைக்காலஜி ஆன்லைன் வகுப்பு என்பதால் அதை மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தே முடித்தேன்.

ஜூனில் மெயில் வந்தது: நிதியுதவி நிறுத்தம். என் ஜி.பி.ஏ. 3.4! எதனால் என்று ஒரு எண்கூட அதில் இல்லை. அதுவும் கல்லூரி மெயிலுக்கு மட்டும்தான் வந்தது. நான் பார்க்கவே பத்து நாள் ஆகிவிட்டது. இது பெரிய குறை. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அன்று இரவு முழுக்க அழுதேன்.

மறுநாள் கவுன்டரில் இருந்த அம்மா திரையை என் பக்கம் திருப்பி, ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் காட்டினார். முதல் செமஸ்டரில் எடுத்த 12 கிரெடிட்டும் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) பாஸ். இரண்டாவதில் எடுத்தது 11, விட்டது 8. ஆக எடுத்தது 23, முடித்தது 15, 65 சதவீதம். நிதியுதவி தொடர வேண்டியது 67. விட்ட பாடம் ஜி.பி.ஏ.வில் ஏறாது, ஆனால் எடுத்த கணக்கில் ஏறிவிடும். இது போக, 60 கிரெடிட் படிப்புக்கு 90 கிரெடிட் வரைதான் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் கிராண்ட் கிடையாது. சில கல்லூரிகள் செமஸ்டருக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, முதலில் எச்சரிக்கை தந்து ஒரு செமஸ்டர் பணம் கொடுப்பார்களாம். எங்கள் கல்லூரி வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. அதனால் எச்சரிக்கை இல்லை, நேராக அப்பீல்தான், அதாவது காரணம் சொல்லி மறுபடி பரிசீலிக்கக் கேட்பது.

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, விமான டிக்கெட், இரண்டு பக்கக் கடிதம் எல்லாம் கொண்டுபோனேன். கவுன்டர் அம்மா பொறுமையாகப் படித்துவிட்டு, "என்ன நடந்தது என்று எழுதிவிட்டீர்கள். இப்போது என்ன மாறியிருக்கிறது? அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டார். தம்பி குடும்பத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான் என்றேன். "அதை எழுதுங்கள், அதைத்தான் அப்பீலைப் பார்க்கும் குழு தேடும்" என்றார். அந்த ஒரு பத்தியைச் சேர்த்துக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது: ஒரு செமஸ்டர் புரொபேஷன், அதாவது சோதனைக் காலம். 9 கிரெடிட் எடுத்து மூன்று பாடமும் பாஸ் செய்தேன். இப்போது 32-க்கு 24, அதாவது 75 சதவீதம். கிராண்ட் தொடர்கிறது.

பாடத்தை விடுவதாக இருந்தால் ஆலோசகரோடு நிற்காமல் இந்தக் கவுன்டருக்கும் போய்க் கேளுங்கள். ஜூலையில் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஆகஸ்ட் கடைசி வாரம் வரிசை வாசல் வரை நிற்கும்.