'முழு செட்டு' என்றார், நம்பிவிட்டேன்

டின்கி டாய்ஸ் கம்பெனியின் பழைய பொம்மை கார், அதிலும் தண்டர்பேர்ட்ஸ் டிவி தொடரில் வந்த ஃபேப் 1 காரின் பொம்மை வாங்க அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய பொம்மைச் சந்தையில் 190 பவுண்டு கொடுத்து ஏமாந்தவன் எழுதுகிறேன்.

ஆபீசில் ஒருவர் ஓய்வு பெற்றார். 1965-ல் அந்தப் பொம்மலாட்டத் தொடர் டிவியில் வந்தபோது அவருக்கு ஆறு வயது. அதில் வரும் பெனலோப்பி சீமாட்டியின் ஆறு சக்கர ரோஸ் நிற ரோல்ஸ் ராய்ஸ்தான் ஃபேப் 1. அந்தப் பொம்மை சின்ன வயதில் அவரிடம் இருந்ததாம். முன் கிரில்லிலிருந்து ராக்கெட், பின்னாலிருந்து குட்டி ஈட்டிகள் பாயும். வீடு மாறியபோது அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டார். சரி, அதையே பரிசாகக் கொடுப்போம் என்று எல்லோரும் காசு போட்டோம். வாங்கும் பொறுப்பு என் தலையில்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "முழு செட்டு சார். ராக்கெட், ஈட்டி, உள்ளே பெனலோப்பி, டிரைவர் பார்க்கர், டப்பா, எல்லாம் இருக்கு." எல்லாம் இருந்தது, பொய்யில்லை. ஒரு கீறல்கூட இல்லை. சின்னப் பையன் கையில் அடிபடாமல் அரை நூற்றாண்டு தாண்டிய கார் எப்படி இருக்கும் என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும். கூடவே இன்னொரு 20 பவுண்டுக்கு 'டிவி செஞ்சுரி 21' காமிக்ஸின் முதல் இதழையும் தள்ளிவிட்டார். 1965 ஜனவரியில் வந்த அந்த இதழில், எதிர்காலச் செய்தித்தாள் மாதிரி தேதியே 2065 ஜனவரி 23 என்றுதான் இருக்கும். தேதியைப் பார்த்து அசலா மறுபதிப்பா என்று கண்டுபிடிக்க வழியில்லை. காகிதம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. "நல்லா பத்திரமா வெச்சிருந்தாங்க" என்றார்.

விழாவில் நண்பர் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். காரின் கண்ணாடிக் கூரையை விரலால் மெல்லத் தள்ளினார். உள் விளிம்பில், புது ரோஸுக்கு அடியில் பழைய ரோஸ் மங்கலாகத் தெரிந்தது. கிரில் ஓரத்தில் பெயின்ட் தேங்கி மொத்தையாக இருந்தது. டப்பாவின் உட்பக்கம் பளிச்சென்று வெள்ளை. அவர் ஒன்றும் சொல்லாமல் "ரொம்ப அழகா இருக்கு" என்று மேசையில் வைத்தார். மறுநாள் நான் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னார்: உடல் மட்டும் டின்கியின் லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்த அசல், மற்றதெல்லாம் புதிது.

மாற்று ராக்கெட்டும் ஈட்டியும் அச்சடித்த டப்பாவும் வெளிப்படையாகவே விற்கிறார்கள், அதில் தப்பில்லை. பெயின்ட் அடித்துச் சரிசெய்ததைச் சரிசெய்தது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஒரிஜினல்னு நான் எங்கே சார் சொன்னேன்? முழு செட்டுன்னுதானே சொன்னேன்?"

அந்த ஊர்ச் சட்டப்படி, வியாபாரி சொன்னதற்கு மாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆனால் அவர் என்ன சொன்னார் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, கொடுத்தது ரொக்கம். நீங்கள் வாங்கினால் 'பெயின்ட் அசல், பாகங்கள் அசல், டப்பா அசல்' என்று தனித்தனியாக ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கார் இப்போது நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ராக்கெட் மட்டும் அருமையாகப் பாய்கிறதாம். ஸ்பிரிங்கும் புதிதாக இருக்கும்.