டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன சனிக்கிழமை பெங்களூரு புறநகரில் ஒரு ராக் கச்சேரி. மேடைக்குப் பக்கத்திலேயே நிற்கிற டிக்கெட், ஆளுக்கு 4,500 ரூபாய். சித்தப்பா பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கிடார் பழகுகிறவன். ஆன்லைன் கட்டணம் சேர்த்து 9,540 ரூபாய் போச்சு.

மெயின் பேண்டுக்கு முன்னால் வாசிக்க 6.45-க்கு ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம், சிவப்பு கிடார். டிரம்ஸ், பேஸ் கிடார் தவிரக் கூட யாருமில்லை. போஸ்டரில் அவன் பெயரே கிடையாது. பாதி விளக்குதான் எரிந்தது. சவுண்ட் ஏன் இவ்வளவு கம்மி என்று, சவுண்டைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசைப் பக்கம் போய்க் கேட்டேன். "ஓப்பனிங்குக்கு இதுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார்" என்றார் அங்கிருந்த தமிழ்க்காரர்.

மூன்றாவது பாட்டில் அவனுக்கு மெல்லிய தந்தி அறுந்தது. நிறுத்தவில்லை. பக்கத்துத் தந்தியில் கையை மேலே ஏற்றி, அதே வரியை இழுத்து வளைத்து முடித்தான். அறுந்த கம்பி விளக்கில் மின்னிக்கொண்டே தொங்கியது. போனில் மூழ்கியிருந்த கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. மொத்தம் 25 நிமிடம்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வெறும் மேடை. தண்ணீர் பாட்டில் 100 ரூபாய்.

மெயின் பேண்டு வந்தது 9.10-க்கு. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-லிருந்தே இருக்கிற விதி, நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? ஆக 50 நிமிடம். அதிலும் கிடார்காரர், கிடாரே முன்னால் நின்று பேசுகிற சோலோ நடுவில், இரண்டு கையையும் தூக்கி டாட்டா காட்டுகிறார், சோலோ அது பாட்டுக்கு ஓடுகிறது! "அண்ணா, கையைப் பாருங்க" என்று தம்பி இடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

முன்னால் வந்தவன் பெயரைத் தட்டிக்கொண்டு போவது ராக்கில் புதிதில்லை. 1967-ல் மங்கீஸ் என்ற பாப் குழுவுக்கு முன்னால் கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸை வாசிக்க விட்டார்கள். 1978-ல் பிளாக் சபாத் பேண்டுக்கு முன்னால் வாசித்தது, அப்போது புதிதாக வந்த வான் ஹேலன் பேண்டு. அந்தப் பையன் பெயர் வாங்கியதற்காக நான் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. 2007-ல் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் பேண்டின் கச்சேரியைப் பார்த்தவன் நான், நேரில் வாசிப்பது எப்படியிருக்கும் என்று தெரியும். பதிவுசெய்த சோலோவை ஓட்டிவிட்டு 4,500 வாங்கியதைத்தான் கேட்கிறேன்.

நடத்தியவர்களுக்கு மெயில் போட்டால், "நிகழ்ச்சி நேரம் மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற வரியைக் காட்டுகிறார்கள். டிக்கெட்டின் கடைசியில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. மெயின் பேண்டு எத்தனை மணிக்கு ஏறும், எவ்வளவு நேரம் வாசிக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் காசு கட்டாதீர்கள். கையில் கட்டிய பட்டையையும் மேடையை எடுத்த வீடியோவையும் பத்திரமாக வையுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அன்று வந்தவர்களும் பதியுங்கள்.

அப்புறம், 6.45-க்கே உள்ளே இருந்தவர்கள் யாராவது அந்தச் சிவப்பு கிடார் பையன் அடுத்து எங்கே வாசிக்கிறான் என்று தெரிந்தால் சொல்லுங்கள். தம்பி தினமும் கேட்கிறான்.