“முழுமையாக மக்கியது” என்று விற்கும் உரத்தை நனைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

கருகருவென்ற நிறம், சீராகச் சலித்த துகள். மூட்டையைப் பிரித்தால் நாற்றம் இல்லை, கையை உள்ளே விட்டால் சூடும் இல்லை. இவற்றைக் காட்டித்தான் அந்த விற்பனையாளர் தம் உரத்தை என் தலையில் கட்டினார். கூடவே ஓர் ஆய்வகத் தாளையும் நீட்டினார். அதில், கழிவு மக்க மக்கக் குறைந்துவரும் கார்பன்–நைட்ரஜன் விகிதம் 18 என்றிருந்தது. “இருபதுக்குக் கீழே வந்துவிட்டது, இதற்கு மேல் மக்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார்.

தண்ணீர் பட்டதும் சாயம் வெளுத்தது. நனைந்த மூட்டை ஒன்று மறுநாளே கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது. வாயைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா. அந்த உரம் கலந்த குழித்தட்டுகளில் விதைகள் முளைத்தன, ஆனால் விதையிலைகளோடு நின்றுவிட்டன. ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நுனி பழுப்பேறி, கீழே இறங்காமல் கொக்கியாக வளைந்திருந்தது. பிறகு உரத்தில் ஒரு பிடியை எடுத்துக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அலசினேன். கருமை கரைந்து அடியில் படிய, மேலே மிதந்தது மஞ்சள் நிறம்கூட மாறாத மரத்தூள்!

நடந்தது இதுதான். மக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்கு ஈரம் வேண்டும். குவியலில் 50 முதல் 60 சதவீதம் ஈரம் இருந்தால் அவை மும்முரமாக வேலை செய்யும். பாதி மக்கிய கழிவை நன்றாக உலர்த்திவிட்டால் வேலை அப்படியே நின்றுபோகும். சூடும் வராது, வாடையும் வராது. முடிந்துவிட்டது போலத் தெரியும், உண்மையில் முடிந்திருக்காது. ஒரே நாளில் உரம் தருவதாகச் சொல்லும் இயந்திரங்கள் பலவற்றிலிருந்து வெளிவருவதும் உலர்த்தி அரைத்த கழிவுதான், உரமல்ல.

அந்த 18 என்ற எண்ணும் எதையும் நிரூபிக்காது. கோழி எருவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மிகுதி. அதை மரத்தூளோடு கலந்தால், ஒரு துளிகூட மக்காமலேயே அந்த விகிதத்தைக் கொண்டுவந்துவிடலாம். தொடக்கத்தில் எவ்வளவு இருந்து இப்போது இவ்வளவாகக் குறைந்தது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

புகார் சொன்னபோது, “குவியல் 60 டிகிரிக்கு மேல் போனது, பதிவேடு இருக்கிறது” என்றார். இருக்கட்டுமே! 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் வைப்பது நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிப்பதற்கு. அந்தச் சூடு தணிந்த பிறகு, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், ஆறப்போட்டுத்தான் உரம் முதிர வேண்டும். இடமும் நேரமும் பிடிக்கும் அந்தக் கட்டத்தைத்தான் இவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

வாங்குமுன் ஒரு சிறு பை மாதிரி கேளுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்கவும், பிழிந்தால் சொட்டாமலும் இருக்கும் அளவுக்கு நனையுங்கள். ஆய்வகங்களில் இதை ஒன்றரை லிட்டர் வெப்பக்காப்புக் குடுவையில் வைத்து, வெப்பமானியைச் செருகிச் சில நாட்கள் கவனிப்பார்கள். அறை வெப்பத்தைவிட 10 டிகிரிக்குள் ஏறினால் நிலைத்த உரம். 40 டிகிரிக்கு மேல் ஏறினால் மக்காத கழிவு என்றே கொள்ளலாம். வீட்டில் வாய் அகன்ற வெந்நீர்க் குடுவையில் மூடியைத் தளர்த்தி வைத்தாலும், துல்லியம் குறையுமே தவிர, ஏமாற்று தெரிந்துவிடும்.

சூடு ஏறாவிட்டாலும் வேருக்கு ஆகாத அமிலமோ உப்போ மிச்சம் இருக்கக்கூடும். உரத்தை ஊறவைத்து வடித்த நீரில் முள்ளங்கி விதைகளையும், வெறும் தண்ணீரில் இன்னொரு பங்கையும் முளைக்கவிட்டு, முளைத்த எண்ணிக்கையையும் வேர் நீளத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுவதே முளைப்புக் குறியீடு. வெறும் தண்ணீரை 100 என்று வைத்தால், 80-க்கு மேல் வருவதை நம்பலாம். 50-க்குக் கீழே வந்தால் நாற்றின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

பணம் திரும்பவில்லை. தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டேனாம். இப்போது அதே மூட்டைகளில் ‘ஆய்வகச் சான்று பெற்றது’ என்ற புதிய அட்டை ஒட்டியிருக்கிறார்கள். சான்று என்னிடம் நீட்டிய அதே தாள்தான். அதில் சூடேற்றச் சோதனையும் இல்லை, முளைப்புக் குறியீடும் இல்லை.