அரளியா, காகிதப்பூவா? வேலூர் வெயிலுக்கு எது?

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதையும் தாங்கிப் பூக்கிற செடி கேட்டால் அரளி, காகிதப்பூ இரண்டையும்தான் சொல்வேன்.

அரளிக்கு வேலை குறைவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நடுத்திட்டில் புகையிலும் புழுதியிலும் பூத்து நிற்பதைப் பார்த்தாலே தெரியும். பென்சில் கனக் குச்சியை நட்டால் வேர் பிடிக்கும். பூ புதுத் தளிரின் நுனியில் வருவதால், ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிட வேண்டும். தளிரில் மஞ்சள் அசுவினிப் பூச்சி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போதும். செவ்வரளி என்றால் சாமிக்கும் ஆச்சு.

ஆனால் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே விஷம். ஆடு மாடு மேயும் தெருவிலும் குழந்தை தவழும் வீட்டிலும் வேண்டவே வேண்டாம். வெட்டிய கிளையை எரிக்கவும் கூடாது; புகையும் கெடுதல்.

காகிதப்பூவில் தொல்லை முள்தான். வாசல் ஓரம் வைத்தால் போகிற வருகிறவர்களின் சேலையைப் பிடித்து இழுக்கும். மதில் ஓரம், மொட்டைமாடித் தொட்டி என்றால் சரி. பலரும் இதைக் கெடுப்பது தண்ணீர் ஊற்றியே! தினமும் ஊற்றி, யூரியாவும் போட்டால் இலையாகத் தள்ளும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்போது ஊற்றுங்கள். கிளை தெரியாமல் நிறம் அப்பிக்கொள்ளும். அந்த நிறம் இதழ்கூட இல்லை, பூவைச் சுற்றிய செதில் இலை. நடுவில் வெள்ளையாகத் துளியூண்டு இருப்பதுதான் பூ.

வீட்டுக்கு என் ஓட்டு காகிதப்பூவுக்கு. ஆள் நடமாட்டமில்லாத மனையின் வேலிக்கு மட்டும் அரளி.