கெமிஸ்ட்ரியா, கெமிக்கல் இன்ஜினியரிங்கா? ஆன்லைன் கவுன்சிலிங் ரிவ்யூ

தங்கச்சிக்காக ஒரு மணி நேர கவுன்சிலிங் ஒண்ணு புக் பண்ணோம். முதல் இருபது நிமிஷம் சுத்த வேஸ்ட், பர்சனாலிட்டி டெஸ்ட்னு ஏதேதோ கேள்வி, அதுல "உங்களுக்கு பிடிச்ச கலர்" வேற. கெமிஸ்ட்ரி பிடிக்கும்னா கெமிக்கல் எடுத்துடலாமேன்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம், அத அந்த மேடம் ஒரே உதாரணத்துல உடைச்சாங்க பாருங்க, அங்கதான் காசு வசூலாச்சு.

லேப்ல ஒரு சின்ன குடுவைல சூடு கிளப்புற ரியாக்ஷன் பண்றோம், ஐஸ்ல வச்சா அடங்கிடும். அதே குடுவைய நீள அகல உயரம் எல்லாம் 10 மடங்கு பெருசாக்கினா உள்ள இருக்கிற சரக்கு 1000 மடங்கு, ஆனா சூடு வெளியேற வேண்டிய பரப்பு 100 மடங்குதான். வெடிக்காம பாத்துக்கறது இன்ஜினியர் வேலை, புது மூலக்கூறு கண்டுபிடிக்கிறது கெமிஸ்ட் வேலைன்னாங்க. அம்மோனியா கதையும் அப்படித்தானாம், ஹேபர்ங்கிற ஜெர்மன் கெமிஸ்ட் 1909ல லேப்ல செஞ்சு காட்டினத 1913ல ஃபேக்டரியா ஓட வச்சது BASF கம்பெனில இருந்த போஷோட டீம், நடுவுல ஹைட்ரஜன் எஃகையே அரிச்சு ரியாக்டர் வெடிச்ச கூத்தெல்லாம் நடந்திருக்கு.

சிலபஸையும் ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினாங்க, இன்ஜினியரிங்ல பாதிக்கு மேல கணக்கு, பாய்மம், வெப்பம்தான். தங்கச்சி மூஞ்சி சுருங்கிடுச்சு, அவளுக்கு டைட்ரேஷன்ல (கரைசல சொட்டு சொட்டா விட்டு அளக்கிற லேப் வேலை) அந்தக் கடைசி சொட்டுக்கு இளஞ்சிவப்பு வர்றதுதான் பிடிக்கும்.

பிஎச்டி இல்லாம கெமிஸ்ட்ரில என்ன வேலைன்னு கேட்டா மட்டும் மழுப்பிட்டாங்க. அதுக்கும் அந்த பர்சனாலிட்டி டெஸ்டுக்கும் சேத்து ஒன்றரை ஸ்டார் கட், 3.5/5.